ஐஸ் பெட்டியில் கொண்டுபோனது

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். தங்கச்சிமடத்தில் மீனுக்கு ஐஸ் வைக்கிற வேலை. இறாலோ நண்டோ, கெடாமல் இருக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி ஐஸ்தான். அதனால்தான் அந்தத் தப்பு நடந்தது.

கல்யாணமாகி நாலு வருஷம் குழந்தை இல்லை. என் மனைவிக்கு எல்லாப் பரிசோதனையும் முடிந்த பிறகுதான் டாக்டரம்மா என்னையும் விந்து பரிசோதனைக்கு அனுப்பினார். ராமநாதபுரத்து லேபில் ஒரு கக்கூஸைக் காட்டினார்கள். தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. வெளியே யாராவது இருமினால்கூட என்னைப் பார்த்துத்தான் என்று பட்டது. வீட்டில் எடுத்து வருகிறேன் என்று அவர்கள் தந்த டப்பாவோடு திரும்பிவிட்டேன்.

மறுநாள் தெர்மாகோல் பெட்டியில் பொடி ஐஸைக் கொட்டி, நடுவில் டப்பாவைப் புதைத்து பஸ் ஏறினேன். பாம்பன் பாலம் தாண்டுவதற்குள் நாலு முறை மூடியைத் தூக்கி, உருகுகிறதா என்று பார்த்தேன். பக்கத்து சீட்காரர் என்ன மீன் என்றார். நகரை என்றேன்.

லேபில் இருந்த பெண் பெட்டியைத் திறந்ததும், "என்னண்ணே, ஏலத்துக்கா கொண்டு வாரீங்க? உடம்புச் சூட்டுலல்ல கொண்டு வரணும்" என்றாள். ஆனாலும் பார்த்தாள். உயிரணு ஒன்றுகூட இல்லை. ஐஸில் செத்திருந்தால் செத்ததாவது கண்ணில் படும், எதற்கும் இன்னொரு தடவை கொடுங்கள் என்றாள்.

வீட்டில் நான் சொன்னது, ஐஸில் கெட்டுப்போச்சாம் என்பது மட்டும்.

இன்னொரு தடவை போக எனக்குப் பயம். சீசன் என்றேன், காய்ச்சல் என்றேன். ஒரு வருஷம் ஓடியது. அந்த ஒரு வருஷமும் என் மனைவி வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டாள். முகம் உப்பியது. கோயிலில் பெண்கள் அவளிடம்தான் விசாரித்தார்கள், என்னிடம் யாரும் கேட்கவில்லை.

கடைசியில் மதுரைக்கு அவளே இழுத்துப் போனாள். அங்கேயும் ஒன்றும் இல்லை. நம் எலும்பு மஜ்ஜையிலிருந்தே செல் எடுத்து விரையில் போட்டால் உயிரணு ஊறும் என்று செல்போனில் பார்த்ததை டாக்டரிடம் கேட்டேன். எலிகளில் செய்து பார்த்திருக்கிறார்கள், மனுஷனுக்கு இன்னும் ஆராய்ச்சிதான், அது உறுதியாகி நம்மைப் போன்றவர்கள் கைக்கு வர எத்தனை காலமோ, யாராவது இப்போதே தருகிறேன் என்றால் நம்பாதீர்கள் என்றார்.

அப்படித் தருகிறேன் என்ற ஒருவரை நம்பினேன். வேறொரு ஊரில், ஒரு மாடியில், இங்கிலீஷில் இருந்த தாளில் கையெழுத்துப் போட்டேன். இதில் யாருக்காவது பிள்ளை பிறந்திருக்கிறதா என்று கேட்க நினைத்து, கேட்காமலே குப்புறப் படுத்தேன். இடுப்பெலும்பில் ஊசி இறங்கியது. ஒரு மாதம் குனிய முடியவில்லை. ஐஸில் வழுக்கி விழுந்தேன் என்று கம்பெனியில் சொல்லிவைத்தேன்.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை.

நாங்கள் இருவரும் பஸ்ஸில் திரும்பினோம். உச்சிப்புளி தாண்டியதும் மனைவியிடம், "எடுத்த செல்ல அங்கன ஐஸ்ல வச்சிருப்பாங்களோ? அதுல கெட்டிருக்குமோ?" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கமே பார்த்தபடி சொன்னாள்.

"ஐஸ்ல செத்தா செத்ததாவது தெரியும்னு அந்த லேபுப் பொண்ணு எங்கிட்டயும் சொல்லுச்சு. போன மாசம் உங்க பழைய ரிப்போர்ட்ட வாங்க ராமநாதபுரம் போனப்ப."

இப்போதுதான் என் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருந்தீங்கன்னா, எனக்கு ஒரு வருஷ ஊசி மிச்சம்ங்க" என்றாள்.

பாலம் வந்தது. அவள் பையை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள்.