ஹூலிகன் வீட்டுப் பிறந்தநாள்

போன ஞாயிறு காலை. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ். பக்கத்து சீட்டில் மஞ்சுளா என்றொரு பெண், மடியில் கைடு. அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதப் போகிறார். வயது வரம்பு இத்தோடு முடிகிறதாம். "இதான் சார் எனக்கு லாஸ்ட் சான்ஸு. அதான் ஒரு பஸ் முன்னாடியே ஏறிட்டேன்" என்றார்.

கைடைப் புரட்டியவர் கேட்டார்: "சார், ஹூலிகன்னா இன்னா? ரவுடின்னு போட்டா கரெக்டா?"

பதில் சொல்ல வாய் திறந்தேன். பஸ் நின்றுவிட்டது.

ஆலப்பாக்கம் தாண்டி, நடுரோட்டில் குறுக்கும் நெடுக்குமாகப் பைக்குகள். ஒரு பைக் சீட்டின் மேல் கேக். அதை வெட்டப் பட்டாக்கத்தி! பிறந்தநாளாம். ஏன், வீட்டில் இடமில்லையா? பட்டாசு வேறு, நுரை ஸ்ப்ரே வேறு. டிரைவர் ஹாரன் அடித்தால் அந்தச் சத்தத்துக்கும் ஆடுகிறார்கள்.

"பசங்கதானே, ஜாலியா இருந்துட்டுப் போவட்டும்" என்றார் முன்சீட்டுக்காரர். பாதி பஸ் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது. தூ!

மஞ்சுளாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இறங்கினார். நானும் பின்னாலேயே போனேன்.

"தம்பி, பரீட்சைக்குப் போவுணும்ப்பா. சென்டர் கேட்ட மூடிடுவாங்க. வண்டிய கொஞ்சம் ஓரங்கட்டுங்களேன்..."

"இரு அக்கா, மச்சான் கேக் வெட்டட்டும்!"

அதோடு விட்டார்களா? அவர் முகத்தில் நுரையை அடித்தார்கள். ஹால் டிக்கெட் நனையாமல் துப்பட்டாவுக்குள் பொத்திக்கொண்டார். "வெக்கமா இல்ல உங்களுக்கு?" என்று கத்தினேன். "பெருசு, நீயும் ஒரு பீஸ் சாப்ட்டுப் போ" என்றான் ஒருத்தன். கை பரபரத்தது... என்ன செய்ய?

சரி, ஹூலிகனுக்கு வருவோம். அந்தக் காலத்து லண்டனில் அந்தப் பெயரில் ஓர் அடாவடிக் குடும்பம் இருந்ததாம். அவர்கள் போட்ட ஆட்டத்தில் குடும்பப் பெயரே வசவாகிவிட்டது என்கிறார்கள். அடித்துச் சொல்ல ஆளில்லை. உண்மையென்றால், அந்தப் பெயரை நாறடிக்க ஊரே சேர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். நம்மூர்ச் சூரர்கள் யாருக்கும் அந்தச் சிரமம் வைப்பதில்லை. ரோட்டோரம் ஃப்ளெக்ஸ் — கூலிங் கிளாஸில் பிறந்தநாள் நாயகன், அப்பா பெயர், ஊர்ப் பெயர், கீழே வாழ்த்தும் தம்பிமார். குடும்ப மானத்தை அவர்களே கலரில் பிரிண்ட் போட்டுக் கட்டிவிடுகிறார்கள்.

ஒருவழியாகக் கேக் தீர்ந்தது. வழி விட்டார்கள். சிதம்பரத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து, சென்டருக்கு ஓடினோம். கேட் அப்போதுதான் மூடியிருந்தது. பூட்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"ரோட்ட மறிச்சிட்டாங்க சார்... கொஞ்சம் தொறங்க சார்..." மஞ்சுளா அழுதேவிட்டார். நானும் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன்.

கேட்டில் நின்றவர் அசையவில்லை. "ரூல்ஸ்னா எல்லாருக்கும் ரூல்ஸ்தாம்மா. நீங்க சீக்கிரமா கெளம்பி வந்திருக்கணும்."

எல்லாருக்குமாம்! நம் நாட்டில் ஒழுங்கே இல்லை என்று யார் சொன்னது? இருக்கிறது, கறாராகவே இருக்கிறது... கெஞ்சுகிறவர்களுக்கு மட்டும்.