பெல்லக்காவின் காது

மணி அடிப்பது, வராந்தா பெருக்குவது, குடிதண்ணீர் டிரம்மை நிரப்புவது, முட்டி சிராய்த்த பிள்ளைக்கு மருந்து தடவுவது, அந்தப் பள்ளிக்கூடத்தில் இத்தனையும் ஒருத்தியின் வேலை. பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் பெல்லக்கா. இருபது வருஷமாகப் புத்தகங்களுக்கு நடுவில் நடமாடியும் ஓர் எழுத்துத் தெரியாது. கையெழுத்துப் போடும் இடத்தில் கட்டைவிரலை வைத்துவிட்டு நிமிர்ந்தே நடப்பாள். அதில் அவளுக்குக் கூச்சமெல்லாம் கிடையாது.

நாலாம் வகுப்பு டீச்சருக்கு ஒரு தலைவலி. முப்பது பிள்ளைகளில் ஒன்பது பேருக்கு வாசிக்க வரவில்லை. எழுந்து நின்று வாசி என்றால் ஒருத்திக்கு வயிற்றை வலிக்கும், இன்னொருத்தனுக்கு ஒன்றுக்கு வரும். டீச்சரும் லேசில் விடுகிறவள் இல்லை. வார்த்தைகளை அட்டையில் எழுதிக் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். எல்லாரையும் ஒன்றாகக் கூடி வாசிக்க வைத்தாள். பிடித்த புத்தகத்தை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்று அலமாரியைத் திறந்து போட்டாள். ஒன்றும் நகரவில்லை என்றதும் புதிதாக ஒன்று செய்தாள்.

"ஆளுக்கு ஒரு காது பிடிச்சுக்கோங்க. தினம் கால் மணி நேரம் அவங்களுக்கு வாசிச்சுக் காட்டணும். கேக்கறவங்க சிரிக்கக் கூடாது, திருத்தக் கூடாது."

ஒருவன் வாட்ச்மேனைப் பிடித்தான், ஒருத்தி ஆபீஸ் கிளார்க்கைப் பிடித்தாள். வாயாடி என்று பேரெடுத்த பெண் எல்லாருக்கும் முந்திக் கத்தினாள்.

"எனக்குப் பெல்லக்கா!"

ஏன் முந்தினாள் என்று யாரும் யோசிக்கவில்லை. மாதக் கடைசியில் தலைமையாசிரியை ஒவ்வொருவரையும் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார். வாசிக்க வராதவர்கள் இரண்டாம் வகுப்புக்குப் போய் உட்கார வேண்டும். இரண்டாம் வகுப்பின் முதல் பெஞ்சில் இருப்பது இவளுடைய கூடப்பிறந்த தம்பி. வீட்டில் அக்கா அக்கா என்று காலைச் சுற்றி வருகிறவன் பக்கத்தில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய் எப்படி உட்காருவது? எழுத்துத் தெரியாதவளிடம் வாசித்தால் குட்டு வெளிப்படாது. அவளே நல்ல பெயரும் வாங்கித் தருவாள்.

மாடிப்படிக்குக் கீழே, துடைப்பமும் பினாயில் டப்பாவும் இருக்கும் மூலையில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். பெண் நரிக்கதையை விரித்தாள். என்ன வாசிப்பு! குரலை ஏற்றி இறக்கி, மூச்சுவிடாமல், நரியைக் கிணற்றில் தள்ளி, ஆமையைச் சிரிக்க வைத்து முடித்தாள். பெல்லக்கா நேராக டீச்சரிடம் போனாள்.

"அவளுக்கா வாசிக்க வராது? தண்ணியா ஓடுது டீச்சர்!"

டீச்சருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நோட்டில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் டிக் போட்டாள்.

இரண்டு நாள் கழித்துப் பெல்லக்கா, "இன்னைக்கும் அந்த நரியையே வாசிடி" என்றாள்.

"வேற புக் வாசிக்கிறேனே, அக்கா."

"எனக்கு நரிதான் வேணும்."

பெண் வாசித்தாள். பாதியில் பெல்லக்காவின் நெற்றி சுருங்கியது. எழுதி வைத்துக்கொள்ளத் தெரியாதவள் எல்லாவற்றையும் காதில்தான் வைத்திருப்பாள். எந்த வகுப்புக்கு எத்தனை சாக்பீஸ், எந்தப் பிள்ளைக்கு எந்த மருந்து ஆகாது, ஒன்று தவறியதில்லை.

"நில்லு. முந்தாநாள் நரி கிணத்துல விழுந்துச்சு, இன்னைக்கு ஆத்துல விழுது. அன்னைக்குச் சிரிச்ச ஆமை இப்ப அழுவுது. எழுத்தெல்லாம் எழுந்து எடம் மாறி உக்காந்துக்கிச்சா?"

"அது... வேற பக்கம், அக்கா."

"எழுத்துதான்டி எனக்குத் தெரியாது. காது நல்லாவே கேக்கும்."

வாயாடி முகத்தைப் புத்தகத்தில் புதைத்துக்கொண்டாள். "படத்தைப் பாத்துச் சொன்னேன்" என்று அழுதாள். "டீச்சர்கிட்ட சொல்லிடாதீங்க அக்கா. தம்பி பக்கத்துல உக்கார வச்சிடுவாங்க."

பெல்லக்கா அன்றைக்கே போய்ச் சொன்னாள். "நான் ஏமாந்துட்டேன் டீச்சர். அந்த டிக்கை அழிச்சுடுங்க. ஆனா பிள்ளையை ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. அவ என்கிட்டயேதான் வாசிப்பா."

"தப்பா வாசிச்சா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காலையில அந்தப் பக்கத்தை எனக்கும் அவளுக்கும் நீங்க ஒரு தரம் வாசிச்சுக் காட்டுங்க. மிச்சத்தை என் காது பாத்துக்கும்."

டீச்சர் எத்தனையோ சொல்லிப் பார்த்தாள். பெல்லக்கா பிடித்த பிடியை விடவில்லை. மறுநாளிலிருந்து அப்படியே நடந்தது. படத்தின் மேல் மேஜை துடைக்கும் துணியை மடித்துப் போட்டுவிட்டு, "விரலை வச்சு வாசி" என்பாள். ஒரு சொல் பிசகினால், "டீச்சர் அப்படிச் சொல்லலையே" என்று தலையை ஆட்டுவாள். சரியான சொல்லை மட்டும் வாயைத் திறந்து சொல்லமாட்டாள். முதல் பக்கத்துக்கு நாலு நாள் ஆனது.

"உங்களுக்கே தெரியாது, என்னை மட்டும் கேக்கறீங்க" என்று ஒரு நாள் பெண் சீறினாள்.

"ஆமா, தெரியாது. தெரியாதுன்னு ஊரறியச் சொல்லிட்டுத்தானே உக்காந்திருக்கேன்? நீதான் தெரிஞ்ச மாதிரி ஓட்டற."

பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு விரலை மறுபடி முதல் வரியில் வைத்தாள்.

மாதக் கடைசி வந்தது. தலைமையாசிரியை நீட்டிய புத்தகத்தில் படமே இல்லை. அதுவரை கண்ணில் பட்டிராத புத்தகம். வெளியே பெல்லக்கா பெருக்கிய இடத்தையே பெருக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே பெண் எறும்பு ஊர்வதுபோல ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். மூன்றாம் வரியில் விரல் நின்றது. இட்டுக்கட்டிய சொல் ஒன்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"இது எனக்குத் தெரியலை, டீச்சர்."

"இது ஒண்ணுதானா?"

பெண் மிச்சத்தையும் வாசித்துவிட்டு, "இதுவும்" என்று கீழே இன்னொன்றைக் காட்டினாள்.

தலைமையாசிரியை புத்தகத்தை வாங்கி மூடினார். "நாலாம் வகுப்புலயே இரு. தினம் வாசிக்கிறதை மட்டும் விட்டுடாதே."

பெண் வெளியே பறந்து வந்தாள். "அக்கா, ரெண்டு வார்த்தை தெரியலைன்னு சொல்லிட்டேன்!"

"ரெண்டுதானா? எனக்கு மொத்தமும் தெரியாது. போடி வகுப்புக்கு" என்று பெல்லக்கா விரட்டினாள். விரட்டிய கையோடு முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.