வான் தீவில் ஒரு கழிப்பறை

தூத்துக்குடிக் கடலுக்கு அடியில் கிடக்கிற ஒவ்வொரு பாறையும் ஹில்டாவிடம் கேட்டுக்கொண்டுதான் அங்கே படுத்திருக்கிறது. சரி, இது கொஞ்சம் அதிகப்படிதான். பாதியைத் தள்ளிவிடுங்கள், மிச்சத்திலும் பாதியைத் தள்ளுங்கள். கடைசியில் நூற்றுப்பதினாறு இடங்கள் நிற்கும். அந்த நூற்றுப்பதினாறும் அவள் கைப்பட எழுதிய நோட்டில் இருப்பது சத்தியம்.

நோட்டு அவள் கணவன் ரோச்சுக்காக எழுதியது. ரோச் வள்ளக்காரன். மீன் அண்டும் பாறைத்திட்டு எதையாவது கண்டால், வள்ளத்து ஜிபிஎஸ் பெட்டி காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்வான்; கூடப்பிறந்தவனுக்கும் காட்டமாட்டான். இந்தக் கரையில் பெண்ணைக்கூடக் கொடுத்துவிடுவார்கள், பாயிண்ட் என்கிற அந்த எண்ணைக் கொடுக்கமாட்டார்கள். ஆனால் ரோச்சின் கையெழுத்தை ரோச்சாலேயே வாசிக்க முடியாது. ஆகவே, பிளஸ் டூவில் புவியியலில் இருநூற்றுக்கு நூற்றெண்பத்தொன்று வாங்கிய ஹில்டா, கல்யாணமான மறுமாதமே நோட்டைக் கைப்பற்றினாள். பதினெட்டு வருஷமாக எழுதி எழுதி, எண்ணைப் பார்த்தாலே அது எந்தத் தண்ணீர் என்று சொல்லிவிடுவாள்.

மற்றபடி அவள் மீன்காரி. விடியும்போதே ஏலக்கூடத்துக்குப் போய்விடுவாள். மீனை ஏலத்தில் எடுத்து, ஐஸ் போட்டு, வண்டி ஏற்ற மணி பதினொன்று ஆகும். அவளைப் போல அங்கே நாற்பது பெண்கள். ஒரு கழிப்பறை கிடையாது. ஆம்பிளைகளுக்குக் கடல் இருக்கிறது, சுவர் இருக்கிறது. பெண்களுக்கு இருப்பது ஒரே வழி: தண்ணீர் குடிக்காமல் இருப்பது. போன கோடையில் ஹில்டாவுக்கு நீர்க்கடுப்பு முற்றிக் குளிர்காய்ச்சல் வந்து, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

“இன்னொரு தடவை வந்தா கிட்னிக்கு ஆபத்து. தினம் மூணு லிட்டர் தண்ணி குடிக்கணும்,” என்றார் டாக்டர்.

“குடிச்சிட்டு எங்கன போவ, டாக்டர்?”



தேர்தல் சமயத்தில் பேச்சிராஜா அதே ஏலக்கூடத்தில் நின்று, ஜெயித்ததும் முதல் வேலை பெண்களுக்குக் கழிப்பறைதான் என்று கைகூப்பியிருந்தார். ஜெயித்துக் கவுன்சிலராகி மூன்று வருஷம் ஓடிவிட்டது. எப்போது கேட்டாலும், “ஃபைல் நகருதும்மா,” என்பார். நத்தையாக இருந்தாலும் அதற்குள் மதுரை போய்ச் சேர்ந்திருக்கும்.

ஹில்டாவுக்கு ஒரு குணம். எதன் அடியில் பொடி எழுத்து இருந்தாலும் வாசித்தாக வேண்டும். மாத்திரை அட்டை, பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், ஒன்றையும் விடமாட்டாள். வார்டு வேலைகளையெல்லாம் படத்தோடு இணையதளத்தில் போடுகிறார்கள் என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தபடியே திறந்து பார்த்தாள். ஏழாவது வரியில் இருந்தது: ‘ஏலக்கூடம், மகளிர் கழிப்பறை. பணி முடிந்தது.’ நீலக் கதவுகளும் வெள்ளை டைல்ஸுமாக ஒரு படம்.

பக்கத்தில் இருந்த செல்லக்கனியிடம் போனை நீட்டினாள். “ஏளா, நம்ம பாத்ரூம் கட்டி முடிச்சாச்சாம்.”

“எங்கனளா? நான் காலையிலருந்து பல்லக் கடிச்சிட்டுல்லா இருக்கேன்!”

எங்கே? ஹில்டாவுக்கும் அதுதான் கேள்வி. படத்தை விரலால் விரித்தாள். அடியில், எடுத்த இடத்தைக் காட்டும் பொடி எண்கள்: 8.5012, 78.1203. பதினெட்டு வருஷப் பழக்கத்தில் கண் தானாக வாசித்தது. எட்டு டிகிரி ஐம்பது நிமிஷம், எழுபத்தெட்டு டிகிரி பன்னிரண்டு நிமிஷம். அவளுக்கு நெஞ்சு குறுகுறுத்தது. அது தூத்துக்குடிக்கு எதிரே கிடக்கிற வான் தீவை ஒட்டிய கடல்.

அன்று சனிக்கிழமை. மறுநாள் பூசை, ஞாயிற்றுக்கிழமை ஒரு வள்ளமும் கடலுக்குப் போகாது. திங்கள்வரை பொறுக்கமாட்டாமல் தவித்தாள்.

“ஏங்க, போற வழியில இந்தப் பாயிண்ட எட்டிப் பார்த்திட்டு வாங்க.”

“கக்கூஸத் தேடிக் கடலுக்குப் போகச் சொல்லுத. கிறுக்கு முத்திட்டா?”

“கெடைச்சா கதவத் தட்டிப் பாருங்க. ஆள் இருக்கும்.”

திங்கள் விடியலில் திட்டிக்கொண்டேதான் ரோச் போனான். அங்கே வள்ளத்தை நிறுத்தி ஒரு படம் அனுப்பினான்: முன்னால் ஜிபிஎஸ் பெட்டி, அதில் அதே எண், பின்னால் தண்ணீர், தண்ணீர், ஒரு கடற்காக்கை.

அந்த வாரமே வார்டு மக்கள் கூட்டம் பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. பேச்சிராஜா முடிந்த வேலைகளை வாசித்தார். ஏழாவதற்கு வந்ததும் ஹில்டா எழுந்தாள்.

“அண்ணாச்சி, அது வான் தீவுக்குப் பக்கத்துல கட்டியிருக்கு. நீங்க போட்ட படத்துலயே எழுதியிருக்கு. எங்க வீட்டுக்காரரு போயிப் பார்த்தாரு. தண்ணிதான் கெடக்கு.”

ஹால் சிரித்தது. பேச்சிராஜாவும் வயிறு குலுங்கச் சிரித்தார். “ஏம்மா, அந்தத் தீவே கரைஞ்சிட்டிருக்கு. அங்கன எவனாவது கொத்தனாரக் கூட்டிட்டுப் போவானா? மீனுக்கா கட்டுதோம்? உக்காரும்மா. அடுத்த வேலை…”

ஹில்டாவுக்குக் காது சூடேறியது. இப்போது உட்கார்ந்தால் ஏழாவது வரி ‘முடிந்தது’ என்றே நின்றுவிடும். முடிந்ததை மறுபடி கட்ட யாரும் வரமாட்டார்கள். அவள் உட்காரவில்லை. போனை எடுத்துக்கொண்டு நேரே மேடைக்குப் போய், ஓரத்தில் லேப்டாப்போடு இருந்த வார்டு பொறியாளர் சண்முகசுந்தரியின் முன்னால் வைத்தாள். “மேடம், நீங்களே பாருங்க. ரெண்டும் ஒரே எண்தான?”

சண்முகசுந்தரி இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பெட்டியின் திரையைப் பெரிதாக்கினாள். பிறகு தலையை இடவலமாக ஆட்டினாள்.

“இல்லக்கா. தப்பா வாசிச்சிட்டீங்க.”

“அப்படிச் சொல்லுங்க!” என்றார் பேச்சிராஜா.

“உங்க வள்ளத்துப் பெட்டி எட்டு டிகிரி, அம்பது நிமிஷம்னு பிரிச்சுக் காட்டுது. போட்டோல நிமிஷமே கிடையாதுக்கா. புள்ளிக்குப் பின்னால இருக்கது டிகிரியில பங்கு. எட்டு புள்ளி அஞ்சுன்னா எட்டரை டிகிரி. அரை டிகிரிக்கு முப்பது நிமிஷம்தான?”

நூற்றெண்பத்தொன்று வாங்கிய ஹில்டா நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் குறுகுறுப்பு அடங்கவில்லை.

“அப்போ இது எந்த இடம், மேடம்?”

சண்முகசுந்தரி எண்ணைத் தட்டினாள். சுவரில் வரைபடம் விழுந்தது. சிவப்புப் புள்ளி கடலை விட்டுக் கரையேறித் தெற்கே ஓடி, ரயிலடிக்குப் பக்கத்தில் போய் நின்றது.

“திருச்செந்தூர்,” என்றாள்.

செல்லக்கனி பின்வரிசையிலிருந்து கத்தினாள். “அடப்பாவி அண்ணாச்சி! ஒண்ணுக்குப் போக நாங்க தினம் திருச்செந்தூர் ரயிலா ஏற?”

இந்த முறை சிரிப்பு வேறு பக்கமாக வந்தது. பேச்சிராஜா துண்டால் கழுத்தைத் துடைத்தார். காண்ட்ராக்டர் அங்கே கட்டிய எதையோ படம் எடுத்து இங்கே ஒட்டிவிட்டான் என்றார். தான் படத்தைப் பார்க்கவே இல்லை என்றார். அந்த ஒன்றை மட்டும் எல்லாரும் நம்பினார்கள்.

“சரிம்மா, முடிஞ்சதுங்கிறத எடுத்திருவோம். ‘பணி நடைபெறுகிறது’ன்னு போட்டிருங்க, மேடம். போதும்லா, ஹில்டாம்மா?”

ஹில்டா தலையை ஆட்டப் போனாள். அதற்குள் சண்முகசுந்தரி லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தாள்.

“நடைபெறல, சார். ‘தொடங்கவில்லை.’ ஏலக்கூடத்துல குழி தோண்டி, அங்கன நின்னு படம் எடுத்து அனுப்புங்க. அப்புறம் மாத்துதேன்.”