வாசலைத் தாண்டாத கட்டில்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். புத்தூரில் ஐந்து அறை வீடு கட்டினேன், கிணறு வெட்டினேன், தேக்கில் ஒரு கட்டிலும் என் கையாலேயே செய்தேன். திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு போய், எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்ற வருஷம், வயதான இரண்டு பேருக்கு இவ்வளவு எதற்கென்று வீட்டை விற்றுவிட்டுத் திருப்பதியில் ஒற்றை அறைக்குக் கிளம்பினோம்.

கட்டில் வாசலைத் தாண்டவில்லை. உள்ளேயே வைத்துச் செய்தது. ஆப்பு அடித்து இறுக்கியதால் பிரிக்கவும் வரவில்லை.

"வாசப்படி சின்னதா கீதுன்னு அன்னிக்கே சொன்னேன். உனக்கின்னா தெரியும்னு கத்தின" என்றாள் என் மனைவி.

ரம்பத்தை எடுத்தேன். அவள் கட்டில்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"நாலு புள்ளைய இதுல பெத்தேன். அறுக்காதய்யா. நான் தரையில படுத்துக்கிறேன்."

எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலை உள்ளேயே விட்டு, வீட்டை வாங்கியவரிடம் சாவியைக் கொடுத்தேன்.

இன்றும் அவள் தரையில்தான் படுக்கிறாள். வாசல் சிறியதென்று முதலில் சொன்னவள் அவள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கட்டிலைச் செய்தவன் நான். இப்போது அதில் படுப்பவர்கள் அதையாவது சொல்ல வேண்டும்.