கோட்டைத் தாண்டிய கவுண்டிக்காரர்

இதை எழுதப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாகப் பல வருடங்கள் போய்விட்டன. செபமாலை உருட்டுகிற கையால் இப்படியொரு கதையை எழுதலாமா என்ற தயக்கம்தான். ஆனால் நான் எழுதாமல் இருந்ததால் ஆளுக்கொரு விதமாகக் கதை கட்டிவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவனில்லை.

தொண்ணூறுகளில் எனக்கு நியூசிலாந்தின் புக்கெகோஹியில் வெங்காயம் பொதி செய்கிற வேலை. கோடை வந்தால் சனிக்கிழமைகளில் கிரிக்கெட். ஒக்லாந்துத் தமிழர்கள் சேர்ந்து வைத்திருந்த அணியில் நான் பந்து வீசினேன். மன்னாரில் இருந்த காலத்திலேயே ஒவ்வொரு ஓவருக்கு முன்னும் சிலுவை அடையாளம் போடுவேன். இங்கேயும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

ஹென்டர்சன் பக்கத்து அணி ஒன்றில் ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். இங்கிலாந்தில் ஒரு கவுண்டிக்காக, அதாவது மாவட்ட அணிக்காக, பல வருடம் சம்பளத்துக்குப் பந்து வீசியவர். முழங்கால் பழுதாகி, கவுண்டி அவரை விட்டுவிட, இங்கே கல்யாணம் செய்து தங்கிவிட்டார். தேநீர் நேரத்தில் அவர் கவுண்டிக் கதை சொன்னால் இரண்டு அணியும் சுற்றி நின்று கேட்கும். நானும் வாய் பிளந்து கேட்டவன்தான்.

எங்கள் மட்டத்து ஆட்டங்களுக்குத் தனியாக அம்பயர் வருவதில்லை. துடுப்பெடுத்தாடுகிற அணியின் ஆட்களே மாறி மாறி நிற்பார்கள். ஒரு சனிக்கிழமை அவர் அம்பயராகப் பக்கவாட்டில் நின்றார். நான் அவர்களுடைய இரண்டு பேரை அடுத்தடுத்து வீழ்த்தியதும், அதற்கடுத்த பந்து செல்லாது, ‘நோபோல்’ என்றார். பிறகு போட்ட பந்துக்கும் அதையே சொன்னார். நான் முழங்கையை மடக்கி எறிகிறேனாம். பிறகு தன் ஆட்களைப் பார்த்து, நான் போடுவது போலவே சிலுவை போட்டு, கல்லெறிவது போல் கையை வீசிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். என் நெற்றியில் பட்ட விரல் அவருக்கு விளையாட்டாகப் போய்விட்டது.

எங்கள் கப்டன் மதுரைக்காரர், எல்லர்ஸ்லியில் கம்ப்யூட்டர் வேலை. அவர் என்னிடம் பந்தை வாங்கிக்கொண்டார்.

“நான் எறியேல்ல தம்பி. நீர் பாத்தனீர்தானே?”

“பாத்தேன்ணே. ஆனா அவர் கவுண்டில ஆடினவரு. அவர் சொன்னா அதுக்கு மேல நாம என்ன பேசுறது?”

அந்தக் கோடை முழுவதும் என் கைக்குப் பந்து வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வந்தால், “என்ன அண்ணை, இண்டைக்கு ஆருக்கு எறிஞ்சனீங்கள்?” என்று சனம் பகிடி விட்டது. கள்ளன் என்ற பெயரோடு என் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு காருக்கு நடப்பேன்.

வீட்டில் இரவுச் செபத்தில், ‘எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்’ என்ற வரி வரும்போது வாயை மூடிக்கொள்வேன். மனைவி கவனித்துவிட்டாள்.

“இஞ்சேருங்கோ, அந்த வரியை ஏன் விழுங்குறியள்?”

“பொய் சொல்லிச் செபிக்கச் சொல்லுறியோ?”

அவள் அடுத்த செபத்தைத் தொடங்கிவிட்டாள்.

அடுத்த கோடையில் அதே அணி, அதே மைதானம். அவர்களின் கடைசி ஜோடி ஆடிக்கொண்டிருந்தது. வெற்றிக்குச் சில ஓட்டங்களே தேவை. எங்கள் வேகப்பந்து ஆள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

“வேற ஆள் இல்லண்ணே. நீங்களே போடுங்க” என்றார் கப்டன்.

நான் ஓடிவருகிற பக்கத்தில் கவுண்டிக்காரர் துடுப்போடு நின்றார். முழங்கால் சரியில்லாததால், ஓட்டம் எடுக்க முந்திக்கொண்டு, பந்து என் கையை விட்டுப் போகுமுன்பே கோட்டைத் தாண்டி நாலைந்து அடி போய்விடுவார். அப்படிப் போனால் வீசுபவன் நின்று விக்கெட்டைத் தட்டி ஆட்டமிழக்கச் செய்யலாம். சட்டம் அது. முதலில் ஒரு தடவை எச்சரிப்பது மரியாதை. நான் எச்சரித்தேன். பந்தோடு நின்று, அவருடைய காலைக் காட்டி, கோட்டைக் காட்டி, “தயவுசெய்து உள்ளே நில்லுங்கள், சேர்” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

“நீ உன் கையைக் கவனி” என்றார். சிலுவையும் போட்டுக் காட்டினார்.

அடுத்த பந்துக்கு ஓடிவந்தேன். கடைசி எட்டு வைக்குமுன் நின்றேன். அவர் வெளியே போய்க்கொண்டிருந்தார். அவசரப்படாமல், பந்து பிடித்த கையை நீட்டி, விக்கெட்டின் மேலிருந்த பெயில்களைத் தட்டிவிட்டேன். அம்பயராக நின்றவன் அவருடைய அணிப் பொடியன். அவரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், அவுட் என்று விரலைத் தூக்கினான். ஆட்டம் எங்களுக்கு.

கவுண்டிக்காரரின் முகம் சிவந்துவிட்டது. இத்தனை வருடக் கவுண்டி ஆட்டத்தில் ஒருவனும் தனக்கு இப்படிச் செய்ததில்லை என்று கத்தினார். நான் ஒரு கோடை முழுக்க மனதில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

“கையை மடக்கினேனா, சேர்?”

அவர் துடுப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நொண்டி நொண்டி நடந்து போனார். அந்த நடையை நான் கடைசிவரை நின்று பார்த்தேன்.

அடுத்த முறை பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது வேறு பாவங்களைச் சொன்னேன், இதைச் சொல்லவில்லை. மனம் வருந்தாததை எப்படிச் சொல்வது? செபத்தில் விழுங்கிய அந்த வரியை மட்டும் ஆட்டம் நடந்த அன்றிரவே வாய்விட்டுச் சொன்னேன். கணக்குத் தீர்ந்த பிறகு சொல்வது சுகமாக இருந்தது.

இன்று சிலர் நான் எச்சரிக்காமல் தட்டினேன் என்கிறார்கள். சிலர் என்னை நல்லவனாக்க, பிறகு போய் மன்னிப்புக் கேட்டேன் என்கிறார்கள். இரண்டும் பொய். வாசிக்கிறவர்கள் யாருக்காவது இதைச் சொன்னால் உள்ளபடியே சொல்லுங்கள். நான் எச்சரித்தேன் என்பதை விட்டுவிடாதீர்கள். சந்தோசப்பட்டேன் என்பதையும் மறைத்துவிடாதீர்கள்.