ஒரே பெயரில் மூன்று கடிதங்கள்

1994ஆம் ஆண்டு, யாழ்ப்பாண நகரம். மின்சாரம் போய் நாலு வருடமாகியிருந்தது. டெலிபோன் என்று ஒன்று இருந்ததையே நாங்கள் மறந்துவிட்டோம். அப்படிப்பட்ட ஊரில் 'கொம்பியூட்டர் தெரிந்தவள்' என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சைக்கிளில் திரிந்த சில பேரில் நானும் ஒருத்தி. இருபத்துநாலு வயது. தலைக்கனம் வயதைவிடக் கொஞ்சம் கூட.

நிவாரண வேலை செய்யும் ஒரு நிறுவனத்தின் கந்தோரில் எனக்கு வேலை. வெளிநாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வரும் கடிதங்களை, இடம்பெயர்ந்த குடும்பங்களைத் தேடிப்பிடித்துச் சேர்ப்போம். காங்கேசன்துறைப் பக்கத்துச் சனம் சண்டையால் வீடு வாசலை விட்டு நாலு வருடமாக அலைந்துகொண்டிருந்தது. இன்றைக்கு ஒரு பள்ளிக்கூடம், நாளைக்கு ஒரு சொந்தக்காரர் வீடு. அம்மா இப்போது எங்கே இருக்கிறா என்று எழுதுகிற பிள்ளைக்குத் தெரியாது. பெயரையும் சொந்த ஊரையும் மட்டும் எழுதி எங்கள் கந்தோருக்கு அனுப்பிவிடும். அந்தப் பெயருக்கு உரியவர் இன்றைக்கு எங்கே இருக்கிறார் என்பது எங்கள் பட்டியலில் இருக்கும். மூவாயிரம் குடும்பங்களுக்கு மேல். ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் அவர்களே வந்து புது விலாசம் சொல்லிவிட்டுப் போவார்கள். மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேட்டரை ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம் மட்டும் போடுவோம். அந்த நேரத்துக்குள் நான் எல்லாவற்றையும் அடித்து முடிக்கவேண்டும்.

வியாழக்கிழமை தோறும் ஓர் அம்மா வருவா. சொந்த ஊர் காங்கேசன்துறை, இருப்பது கொக்குவிலில் ஒரு உறவினர் வீட்டில். ஒரே மகன். கொழும்பில் லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்து வெளிநாடு போகக் காத்திருந்தான். போகிற நாள் தெரிந்ததும் எழுதுவதாகச் சொல்லியிருந்தானாம். கடிதம் கண்டதும், ஊரைவிட்டு வெளியே போக அனுமதிப் பாஸ் எடுத்து, கிளாலிக் கடலைக் கடந்து போய் அவனை ஒருதரம் பார்த்துவிடவேண்டும். அந்த அம்மாவுக்கு அதைவிட வேறு நினைப்பே இல்லை.

“ஏதும் வந்ததோ பிள்ளை?”

மேசையில் கிடக்கும் கடிதக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இல்லையம்மா, அடுத்த கிழமை பாப்பம்” என்பேன்.

“ஓம், அப்ப வாறன்.” ஒருநாளும் அதற்குமேல் கதைத்து எங்களைக் கரைச்சல்படுத்தியதில்லை.

அந்த வருடம் கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து எங்கள் பட்டியலுக்குப் புதுப் புரோகிராம் வந்தது. இரண்டு டிஸ்கெட்டும் ஒரு தாளும். பழையதன் மேல் புதியதை ஏற்றவேண்டும். நான் தாளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். நடுவில் அது இரண்டு கேள்வி கேட்டது. பெயரில் குடும்பப் பெயர் எது, முதலாவதா கடைசியா? ஒரே குடும்பப் பெயரும் ஒரே ஊரும் உள்ளவர்களை ஒரே வீட்டுக்காரராகச் சேர்த்துவிடட்டுமா?

எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? முன்னுக்கு அப்பாவின் பெயர் அல்லது புருஷனின் பெயர், பின்னுக்கு எங்களுடைய பெயர். அவ்வளவுதான். இது தெரியாமலா நான் பிறந்து வளர்ந்தேன்? ஆனால் ஜெனரேட்டரில் எண்ணெய் குறைந்துகொண்டிருந்தது. தாளில் போட்டிருந்த உதாரணத்தில் 'கடைசி' என்று இருந்தது. கடைசி என்று அமத்தினேன். அடுத்ததற்கு ஆம் என்று அமத்தினேன்.

முடிந்தபோது பட்டியல் நன்றாகச் சுருங்கியிருந்தது. பொறுப்பாளர் எட்டிப் பார்த்தார்.

“பிள்ளை, ஆக்கள் குறைஞ்ச மாதிரிக் கிடக்கு?”

“ரெண்டு தரம் பதிஞ்சதுகளைக் கழிச்சுப்போட்டுது சேர். இப்பதான் பட்டியல் துப்பரவாயிருக்கு.”

சொன்னது நான்தான். யாரையும் பழி சொல்ல இடமில்லை.

அதோடு விட்டேனா? பழைய பட்டியலின் பிரதி மூன்று டிஸ்கெட்டில் இருந்தது. புரோகிராமோடு வந்த இரண்டைத் தவிரப் புது டிஸ்கெட் ஒன்றுகூட ஊருக்குள் வரவிடாத காலம். எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதே என்று ஒரு கிழமை கழித்து அதே மூன்றிலும் பழையதை அழித்துப் புதியதைப் பதிந்தேன். கொம்பியூட்டர் வருமுன் கையால் எழுதிய அட்டைகள் இரண்டு பெட்டி நிறைய இருந்தன. கடதாசிக்கும் தட்டுப்பாடு. பிள்ளைகள் கணக்குச் செய்ய ஒரு துண்டுத் தாள் இல்லை என்று கோப்பாயில் படிப்பித்த ஒரு ரீச்சர் கவலைப்பட்டா. அட்டைகளின் பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கிறது என்று, நானே சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்ல காரியம் செய்த சந்தோஷத்தோடு திரும்பி வந்தேன்.

கடிதங்கள் வந்தன. பெயரையும் ஊரையும் அடித்தால் ஒரே ஒரு விலாசம் வரும். அதைக் கடித உறையில் ஒட்டிக் கொடுப்பேன், எங்கள் கந்தோர் அண்ணை ஒருவர் சைக்கிளில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். சில உறைகளில் முன்னெழுத்து வித்தியாசமாக இருந்தது. முன்பு பதிந்தவர்கள் பிழையாக அடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மற்றவர்கள் பிழைவிடுவார்கள், நான் விடமாட்டேன்.

ஒன்றரை மாதம் போயிருக்கும். உரும்பிராயில் ஒரு முகாமில் இருந்த வேறொரு அம்மா கந்தோருக்கு வந்தா. அவவும் காங்கேசன்துறைதான். மடியிலிருந்து மூன்று கடிதங்களை எடுத்து மேசையில் வைத்தா. மூன்றும் உடைக்கப்பட்டிருந்தன.

“மூண்டிலையும் என்ரை பேர்தான் கிடக்கு. ஒண்டும் என்ரை பிள்ளை எழுதினதில்லை.”

எப்போது வந்தன என்று கேட்டேன். முதலாவது வந்து ஐந்து கிழமையாம். ஏன் அம்மா உடனே கொண்டுவரவில்லை என்று கொஞ்சம் சூடாகவே கேட்டுவிட்டேன். அவவுடைய மகன் காணாமல்போய் மூன்று வருடம்.

“அவன்ரை எழுத்து மாறிப்போச்சோ எண்டு நினைச்சன் பிள்ளை. நாலு பேரிட்டைக் குடுத்து வாசிப்பிச்சுப் பாத்தன். ஒருத்தரும் அவன் எண்டு சொல்லேல்லை.”

கடிதங்களைப் பார்த்தேன். முதலாவது, வியாழக்கிழமை அம்மாவின் மகன் எழுதியது. மற்ற இரண்டும் வேறு யாருக்கோ. இரண்டு அம்மாக்களுக்கும் ஒரே பெயர். காங்கேசன்துறையில் வீதிக்கு நாலு பேருக்கு இருக்கும் பெயர் அது. அதைக் குடும்பப் பெயர் என்று எடுத்து, அந்தப் பெயருள்ள எல்லாரையும் என் புதுப் புரோகிராம் ஒரே வீட்டில் குடியிருத்தி, கடைசியாகப் பதிந்த விலாசத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விழுங்கிவிட்டது.

அந்தக் கிழமை முழுவதும் அந்தக் கொம்பியூட்டரோடு மல்லுக்கட்டினேன். பழைய புரோகிராமைத் திரும்ப ஏற்றினேன். அது புதுப் பட்டியலைத் திறக்க மறுத்தது. சேர்த்ததைப் பிரிக்க வழி தேடி ஒவ்வொரு கட்டளையாக அமத்திப் பார்த்தேன். டிஸ்கெட் மூன்றையும் மாறி மாறிப் போட்டேன். மூன்றிலும் அதே பட்டியல், என் கையாலேயே பதிந்தது. ஒவ்வொரு நாளும் ஏதோ பிடிபடுவதுபோல் இருக்கும், ஜெனரேட்டர் நின்று திரை கறுத்துவிடும். கொழும்புக்கு எழுதிக் கேட்டேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. பழைய பிரதியிலிருந்து மீட்டுக்கொள்ளவும் என்று ஒரே ஒரு வரி.

கோப்பாய்ப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். ரீச்சர் பாவம், பதறிப்போனா. அட்டைகளை நாலாக வெட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தா. கணக்குச் செய்து முடிந்தவை அடுப்புப் பற்றவைக்கப் போய்விட்டன. மேசை இலாச்சியில் மிஞ்சிக் கிடந்ததை எனக்கு அள்ளித் தந்தா. ஒரு துண்டில் பெயர், விலாசம் இருந்த பாகம் இல்லை. இன்னொன்றில் பாதி விலாசம், யாருடையது என்று தெரியவில்லை. திரும்பி வரும் வழியில் சைக்கிளை நிற்பாட்டிவிட்டு வீதியோரத்தில் இருந்து அழுதேன். அழுகிறதால் ஒரு விலாசம்கூடத் திரும்பாது என்று தெரிந்துதான் அழுதேன்.

கொழும்புப் பதிலுக்கு முன்பே, அந்தக் கிழமையே வியாழக்கிழமை வந்தது. அந்த அம்மாவும் வந்தா. கதிரையில் இருத்தி, நடந்ததைச் சொன்னேன். கொம்பியூட்டரில் பிழை என்று சொல்லித் தப்பியிருக்கலாம். நான்தான் பிழைவிட்டேன் என்று சொன்னேன். அது பெரிய நேர்மை ஒன்றும் இல்லை, வேறு எதையும் சொல்ல வாய் வரவில்லை.

“வாசி பிள்ளை” என்று, நான் கொடுத்த கடிதத்தை என்னிடமே நீட்டினா.

வாசித்தேன். அடுத்த மாதம் இருபதாம் திகதி போகிறேன், முடிந்தால் அதற்குமுன் வாங்கோ அம்மா, பஸ் வரும் நேரமெல்லாம் போய்ப் பார்த்துக்கொண்டு நிற்பேன் என்று எழுதியிருந்தான். இருபதாம் திகதி போய் ஒன்பது நாளாகியிருந்தது.

என்னைத் திட்டுவா என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவ கடிதத்தைத் திரும்ப வாங்கி மடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டா.

“நான் வராததுக்கு அவன் என்ன நினைச்சிருப்பான்?”



அன்றைக்கே அந்த லொட்ஜுக்கு நடந்ததை விளக்கிக் கடிதம் எழுதினேன். ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. முகாம் முகாமாகச் சைக்கிளில் போய்ப் பட்டியலை மறுபடி எழுதத் தொடங்கினேன். ஏழெட்டு மாதமானது. கிட்டத்தட்ட எல்லாக் குடும்பத்தையும் பிடித்துவிட்டேன், கந்தோரில் பாராட்டினார்கள். அந்த அம்மா மட்டும் பழையபடி வியாழக்கிழமைகளில் வந்து, ஏதும் வந்ததோ என்று கேட்டுக்கொண்டிருந்தா. மகனிடமிருந்து பிறகு ஒன்றும் வரவில்லை. தொண்ணூற்றைந்தில் ஆமி முன்னேறி வர, யாழ்ப்பாண நகரத்தோடு சேர்ந்த வலிகாமமே ஒரு நாளில் ஊரைவிட்டு எழும்பி நடந்தது. அந்தச் சன நெரிசலில் நானும் போனேன், அவவும் எங்கேயோ போயிருப்பா. பிறகு நான் அவவைக் காணவில்லை.

பட்டியலைத் திருத்தினேன் என்பது உண்மை, அந்த அம்மாவுக்கு அது ஒரு பிரயோசனமும் செய்யவில்லை என்பதும் உண்மை. உயிரோடு இருந்தால் அந்த மகனுக்கு இப்போது என் வயதுதான் இருக்கும். அம்மா தன்னை வழியனுப்ப வரவில்லை என்று நினைத்துக்கொண்டு எங்கேயோ வாழ்ந்துகொண்டிருப்பான், அது அப்படியில்லை என்று அவனுக்குச் சொல்லவேண்டியவள் நான், அவனுடைய விலாசம்தான் என்னிடம் இல்லை.