விடைப் பக்கம் இல்லாத புத்தகம்

ரெட்டியார்சத்திரத்தைத் தாண்டி இரண்டு மைல் நடந்த பிறகுதான் கெண்டைக்காலில் நேற்று விழுந்த பிரம்படி வலிக்கத் தொடங்கியது. நான் நிற்கவில்லை. எதிரே திண்டுக்கல் மலை மொட்டையாகத் தெரிந்தது. எவ்வளவு நடந்தாலும் கிட்டே வரவில்லை. டவுசர் பையில் அம்மா கொடுத்த ஒரு ரூபாய் கிடந்தது. பஸ்ஸுக்குக் கொடுத்தால் புத்தகத்துக்குக் குறையும்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அடி வாங்கியது ஒரு தொட்டிக் கணக்கால். ஆறடி நீளம், நாலடி அகலம், மூன்றடி ஆழமுள்ள தொட்டி எத்தனை கன அடி நீர் கொள்ளும்? எழுபத்திரண்டு என்று எழுதினேன். புத்தகத்தின் பின்னால் விடைப் பக்கத்தில் எண் மாறி இருபத்தேழு என்று அச்சாகியிருந்தது. வகுப்பில் மற்ற எல்லாருக்கும் இருபத்தேழுதான் வந்தது. பக்கத்தில் இருந்தவன் விடையை முதலில் பார்த்துவிட்டு, ஆறையும் நாலையும் பெருக்கி, மூன்றைக் கூட்டிவிட்டிருந்தான். வாத்தியார் அவனைத் தட்டிக்கொடுத்தார்.

அச்சுப் பிழை என்று சொன்னேன்.

"அச்சடிச்ச புஸ்தகத்த விட நீ பெரிய ஆளாலே?"

தப்பு என்று ஒத்துக்கொண்டால் பிரம்பு நிற்கும் என்றார். ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது அடி விழுந்ததும் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அப்பா இல்லாத வீடு. மாமா சொன்னதுதான் சட்டம். பள்ளிக்கூடம் வேண்டாமென்றால் மாட்டை ஓட்டிக்கொண்டு போ என்றார் அவர். கணக்கை நானே வீட்டில் படித்துக்கொள்வேன் என்றேன். மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. காலையில் ரூபாயைக் கையில் வைத்துச் சொன்னாள்: "போயி உனக்கு வேண்டிய புஸ்தகத்த நீயே பாத்து வாங்கு. திங்கக்கெழமைக்குள்ள உனக்குத் தானா கணக்கு வருதான்னு பாப்போம். வரலேன்னா வாத்தியாரு கால்ல விழுகணும்."

பேகம்பூர்ப் பக்கம் ஒரு பாய் பழைய புத்தகங்களை எடைக்கு வாங்கி, நல்லதை விற்பார், மற்றதைப் பொட்டலம் மடிக்கக் கொடுப்பார். கணக்குப் புத்தகம் என்றதும் மூன்றை எடுத்துப் போட்டார். முதலாவது எங்கள் வாத்தியார் வைத்திருந்த அதே புத்தகம். அதைக் காலால் தள்ளாத குறையாகத் தள்ளினேன். இரண்டாவதில் எல்லாக் கணக்கையும் அவர்களே போட்டுக் காட்டியிருந்தார்கள். எனக்கு வேலையே மிச்சம் வைக்கவில்லை. மூன்றாவதுக்கு அட்டை இல்லை. கடைசிப் பக்கங்களும் இல்லை.

"அது வேணாம் தம்பி. விடைப் பக்கமெல்லாம் மொளகாப் பொட்டலமாப் போயிருச்சு" என்றார் பாய்.

"இதான் வேணும்."

"நீ போட்டது சரியா தப்பான்னு எப்புடித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். தோல்ஷாப் மேஸ்திரி. தோல் ஊறப்போடும் குழியின் வாடை அவர் மேல் அடித்தது. அவர் கேட்கக் கேட்க, தொட்டிக் கணக்கிலிருந்து அம்மாவின் திங்கட்கிழமை வரை சொல்லிவிட்டேன்.

"அப்ப இதச் சொல்லு அப்பு. புதுசா ஒரு குழி கட்டியிருக்கோம். நீளம், அகலம், ஆழம் எல்லாமே நாலடி. நாலு காலன் புடிக்கிற மண்ணெண்ணெய் டின்னுல எத்தன டின்னு தண்ணி ஊத்தணும்?"

பொட்டலக் காகிதத்தில் போட்டேன். அறுபத்துநான்கு கன அடி. "ஒரு கன அடிக்கு ஆறேகால் காலன்" என்று முனகினேன். கேலனை அந்நாளில் காலன் என்றுதான் சொல்வோம்.

"ஆளக் கொண்டுபோக ஒரு காலன் பத்தாதா? ஆறேகாலு வேணுமாலே?" என்றார். பாய் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"நானூறு காலன். நூறு டின்" என்றேன்.

"எம்பதுலயே நெறைஞ்சுரும்."

"நூறு."

"எம்பதுலே."

"நூறு!"

மேஸ்திரி டம்ளரை வைத்தார். "அம்புட்டு ரோசம் இருந்தா காலையில வா. நீயே எறைச்சு, நீயே ஊத்தி, நீயே எண்ணு. கூலி உண்டு. எம்பதுல நெறைஞ்சா புஸ்தகத்தப் பாய்ட்ட குடுத்துட்டு ஓடிப்போயி வாத்தியாரு கால்ல விழு."

பாயிடம் ரூபாயைக் கொடுத்துப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, எங்கள் ஊருக்குத் திரும்பிய ஒரு வண்டிக்காரரிடம் அம்மாவுக்குச் சொல்லியனுப்பினேன். இரவு பாயின் கடையிலேயே காகிதக் கட்டுகளின் மேல் தலைக்குப் புத்தகத்தை வைத்துத் தூங்கினேன்.

பிறகு பல ஊர்களில் பல மேஸ்திரிகளிடம் வேலை பார்த்திருக்கிறேன். ஆள் பிடிப்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு வித்தை உண்டு. இருபது வருஷமாகக் குழி நிரப்புகிறவருக்கு அது எத்தனை டின் பிடிக்கும் என்று தெரியாமலா இருக்கும்? இந்தக் கேள்வி அன்றைக்கு எனக்குத் தோன்றவேயில்லை. தோன்றியிருந்தாலும் போயிருப்பேன். நூறு நூறுதான்.

விடிந்ததும் தோல்ஷாப்புக் கிணற்றில் முதல் டின்னை இறைத்து, தோளில் தூக்கிக்கொண்டு வந்து, காய்ந்து கிடந்த குழியில் கவிழ்த்தேன். அடியில் ஓர் ஓரம் மட்டும் நனைந்தது. மேஸ்திரிக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்:

"ஒண்ணு!"